சப்தமி முடிந்த நேரம்

அம்மாவின் மூன்றாம் வருடத் திதிக்கு நாள் கேட்க, விஜயலெட்சுமி தெமோதரையிலிருந்து பஸ் ஏறிப் பதுளைக் கோயிலுக்குப் போனாள். முன்பெல்லாம் தேயிலைத் தோட்டத்துப் பூசாரி சொல்லும் நாளில் செய்துவிடுவார்கள். அவர் இப்போது ஊரில் இல்லை. கோயில் ஐயரோ தேதியோடு விடவில்லை.

"உயிர் பிரிஞ்சது எத்தன மணிக்கும்மா?"

"வெள்ளன ஆறு மணிங்க சாமி. பக்கத்துலதான் இருந்தேன்."

ஐயர் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடியெடுத்து விரலை ஓட்டினார். "அன்னைக்கு மாசித் தேய்பிறைச் சப்தமி, காலையில அஞ்சு பத்துக்கு முடியுது. அதுக்கப்புறம் அஷ்டமி. உங்களுக்கு அஷ்டமிதான்."

"ராத்திரி பன்னெண்டுக்கு மாறாதுங்களா?"

"அது இங்கிலீஷ் தேதிக்கு. திதி சந்திரன் நடையப் பொறுத்தது. காலையிலயும் மாறும், மத்தியானமும் மாறும். அதான் நேரம் கேக்குறது."

லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் தம்பி தயாபரனிடம் இதைச் சொன்னாள். தொழிற்சாலை வேலை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஆறு மணி இல்லக்கா. நாலரைக்கே போயிட்டாங்க."

அவளுக்கு விளங்கவில்லை.

"அம்மா படுக்கையில விழுந்து பதினோரு ராத்திரி நீ கண்ணு மூடல. அன்னைக்குத்தான் செவுத்துல சாஞ்சு தூங்கிட்ட. எழுப்ப வந்தேன். அம்மா என் கையப் புடிச்சு, அவ தூங்கட்டும்டான்னாங்க. அதுதான் கடைசிப் பேச்சு. ஆறு மணிக்கு நீயா எந்திரிச்சு, ஒடம்பு சூடா இருக்கு, இப்பத்தான் போயிருக்காங்கன்னு அழுத. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அம்மாவின் கடைசி மூச்சின்போது கூட இருந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் அவள் இந்த மூன்று வருடத்தையும் தள்ளியிருந்தாள். இரண்டு நாள் தம்பிக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் மலையில் கொழுந்து பறிக்கும்போதுதான் அவளுக்கே ஒன்று தெளிந்தது. நாள் தப்பியது அவளை அவ்வளவாக வருத்தவில்லை. அம்மா கடைசியாகப் பேசியது தன்னைப் பற்றி. அது காதுக்கு வர மூன்று வருடம் ஆகிவிட்டதே என்பதுதான் உள்ளே அறுத்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மாலையில் ஐயருக்குப் போன் போட்டாள். "நாலரை மணிங்க சாமி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்ப சப்தமி. ஒரு நாள் முந்தி வாங்க."

"இதுக்கு முந்தி தோட்டத்துப் பூசாரி சொன்ன நாள்ல செஞ்சதுங்க?"

"தெரியாமச் செஞ்சதுல குத்தம் இல்லம்மா. அதுவும் அவங்களுக்குப் போய்ச் சேந்திருக்கும்."

சப்தமியன்று இருவரும் வேலைக்குப் போகவில்லை. கோயிலில் தயாபரன் எள்ளும் தண்ணீரும் கையிலேந்தி உட்கார்ந்தான். ஐயர் தாயாரின் பெயரைக் கேட்டார். அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

பின்னால் நின்ற விஜயலெட்சுமி அவன் தோளில் கை வைத்து, "இராக்கம்மா" என்றாள்.