பெட்டி வாசலில் ஒரு தகடு

என் அண்ணன் லேத் பட்டறைக்காரன். இரும்பை எப்படி வேண்டுமானாலும் வளைப்பான், தான் மட்டும் வளைந்து கொடுக்க மாட்டான். "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போன அண்ணி திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து மகள் தெருமுனைக் கடைக்குப் போனாலும் இவன் வாசலில் வந்து நிற்பான்.

அந்த மகளுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அண்ணன் ஆர்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யோசிக்கலாம்" என்றான். அவன் யோசிக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

அந்த வாரம்தான் பட்டறை ஷட்டருக்கு மேலே ஒரு தேனீக் கூட்டம் வந்து தொங்கியது. சின்னக் கூட்டம், இரண்டு கையில் அள்ளிவிடலாம். அண்ணன் உடனே போய் ஒரு தேன் பெட்டி வாங்கி வந்தான்.

"குட்டிமாவுக்கு வீட்லயே தொழில் ஆச்சு. எதுக்கு ஊர் விட்டு ஊர் போகணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊசி போடப் படித்த பெண்ணைப் பூச்சி மேய்க்க உட்கார வைக்கிறானே!

பொழுது சாயும் நேரத்தில் அவன் ஏணியில் ஏறி சாக்குப் புகை காட்டினான். குட்டிமா முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கீழே பெட்டியைப் பிடித்தாள். ஒரே தட்டு. கூட்டம் பொத்தென்று உள்ளே விழுந்தது. சிதறிய ஈக்களும் வரிசையாக நடந்து பெட்டிக்குள் போயின.

"ராணி உள்ள வந்துட்டாப்பா! பாருங்க, எல்லாம் பின்னாலயே போகுது!" என்று சிரித்தாள். ஆர்டர் வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். அவளுக்கே இது பிடித்துவிட்டதோ என்று நானும் ஏமாந்தேன்.

மறுநாள் அண்ணன் பெட்டி வாசலுக்கு ஒரு தகடு செய்து திருகினான். துளைகள் அப்படி ஒரு கச்சிதம். வேலைக்கார ஈ போய் வரும், உடம்பு பெருத்த ராணி வெளியே வர முடியாது. ராணி போனால் மொத்தக் கூட்டமும் போய்விடுமாம்.

நான் பெட்டி விற்றவருக்குப் போன் போட்டேன்.

"சின்னக் கூட்டமா? அப்ப புது ராணியாத்தான் இருக்கும்மா. அது வெளிய பறந்து ஆண் ஈக்களோட சேர்ந்துட்டு வரணும். அப்பதான் வேலைக்கார ஈ பிறக்கும். நாள் தள்ளிப் போச்சுன்னா அப்புறம் தொறந்து விட்டும் பிரயோஜனமில்ல."

அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "வெளிய போனவ எவ திரும்பி வந்தா?"

குட்டிமா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதண்ணா" என்றேன். அவன் கேட்டால்தானே? அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வேலையில் சேர வேண்டிய தேதி வந்து போனது. முதலில் கெஞ்சினாள், பிறகு அழுதாள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். அந்த மூன்றாவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைக்குக்கூட என்னை அனுப்பிவிட்டு, ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துக்கொண்டு பெட்டி அருகிலேயே இருந்தாள்.

வேலைக்கார ஈக்கள் வயதாகிச் செத்துக்கொண்டே வந்தன. புதிதாகப் பிறந்ததெல்லாம் தடித்த ஆண் ஈக்கள். அவையும் தகட்டுத் துளையில் நுழைய முடியாமல் உள்ளேயே முட்டிக்கொண்டு கிடந்தன. காலையில் குட்டிமா செத்ததையெல்லாம் கூட்டி அள்ளுவாள்.

ஒரு மத்தியானம் அண்ணன் பெட்டியைத் திறந்து அடைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தான். பிறகு தன் கையாலேயே தகட்டைக் கழற்றி எறிந்தான். ஆண் ஈக்கள் திமுதிமுவென்று வெளியே பறந்தன. ராணி மட்டும் வெளிச்சத்துக்கு வராமல் அடையின் இடுக்குக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அவன் மகள் பக்கம் திரும்பினான். "குட்டிமா, நீ கிளம்பு. நானே கூட வந்து விட்டுட்டு வரேன்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அந்த எடத்துக்கு இன்னும் ஆள் போடலயாம், நேத்துதான் கேட்டேன்" என்றேன்.

குட்டிமா பெட்டியை மூடினாள்.

"வேணாம்பா. அங்க தனியா இருக்கணும்னு நெனச்சாலே கை காலெல்லாம் நடுங்குது. நான் இங்கயே இருந்துக்கறேன்."

இத்தனை நாளாக அவன் கேட்கத் தவம் கிடந்த வார்த்தை அது. கேட்டதும் அண்ணன் அந்த மண் தரையிலேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.