கடைசி வரிக்கு முன்னால்

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மனிதர்களின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, கண்ணாடிக் காம்பை வளைத்து, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று கேட்பது என் பிழைப்பு. அதனால் எனக்கு முகம் மறக்காது. என் முகத்தைத்தான் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

நான் போகும் மெதடிஸ்ட் தேவாலயம் நகரத்திலேயே பெரியது. முன்வரிசையில் நீதிபதி, வங்கித் தலைவர் என்று பெரிய தலைகள். ஆயர் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் அலுவலகங்களில் கோப்புகள் நகரும் என்பார்கள். வேலை மாறி இங்கே வந்த பிறகு, ஒரு மழைக்காலம் முழுக்கத் தவறாமல் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் வேறு யாராவது நீலப் பட்டை அணிந்து நின்று, வாய் நிறையச் சிரித்து, முதல் தடவையா என்று கேட்பார்கள். புதிதாக வருபவர்களுக்கென்று வைத்திருக்கும் வரவேற்புக் கோப்பை ஒன்றைக் கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் சுண்டிவிடும். வாங்கிக்கொள்வேன். டீக்கடை வைக்கிற உத்தேசமா என்று, அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் தங்கை என் மானத்தை வாங்குவாள்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு வலித்தது. போன ஞாயிறு செருப்பை மாட்டிய பிறகும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வாரமும் அந்தக் கேள்வியைக் கேட்டால் இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று தீர்மானித்துத்தான் கிளம்பினேன்.

கேட்டார்கள். அதுவும் நான் பொருத்திக் கொடுத்த கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்து ஒருவர் கேட்டார். கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். அதற்குள் ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. அது காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குக் கேட்கும். ஒரே ஒரு பாட்டு பாடிவிட்டுப் போய்விடலாம் என்று மாடி ஏறினேன்.

கடைசிக்கு முந்திய வரிசை என் இடம். வண்ணச் சன்னல்களின் வெளிச்சம் பெஞ்சுகளின்மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கீழே இருந்த தலைகளெல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசைந்தன. கோப்பைக்குள்ளும் கொஞ்சம் நீலம் விழுந்து கிடந்தது. பாடத் தொடங்கியதும் அப்பா வந்துவிட்டார். எப்போதும் வருவார்.

எங்கள் பழைய சபை ஒரே ஒரு அறை. ஆர்கன் கிடையாது. அப்பாதான் பாட்டு எடுத்துக் கொடுப்பார். அவருக்கு மூச்சிரைப்பு. கடைசி வரிக்கு முன்னால் நின்று மூச்சு வாங்குவார். அவரை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது, சபையே காத்திருக்கும். பிறகு எல்லோரும் சேர்ந்து அந்த வரியை இழுத்துப் பாடுவோம். அப்பா போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என் தொண்டை இன்னும் அங்கே நிற்கிறது.

அன்றும் நின்றது. இழுத்தேன். ஆர்கன் முடித்த பிறகும் என் குரல் காற்றில் இருந்தது. கூடவே இன்னும் சில குரல்கள். இத்தனை நாளும் அதைக் கூரையின் எதிரொலி என்றே நினைத்திருந்தேன்.

உட்கார்ந்ததும் எனக்கு நேர்முன் பெஞ்சில் இருந்த அம்மாள் திரும்பினார். அவருடைய பின்னங்கொண்டையை மட்டுமே எனக்குத் தெரியும். அவர் குரலைத் தாழ்த்திக் கடிந்துகொண்டார்.

"போன வாரம் எங்கம்மா போனீங்க? நீங்க இருக்கீங்கன்னு நம்பி நான் பாட்டுக்கு நிறுத்தி இழுத்துட்டேன். தனியா மாட்டிக்கிட்டேன். கீழ இருந்து ஜட்ஜு அண்ணாந்து பாக்குறாரு."

பக்கத்தில் இருந்த அவர் கணவரும் தலையாட்டினார். இந்த வரிசையே அப்படித்தான் பாடுகிறதாம், பழகிவிட்டதாம். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. கையிலிருந்த கோப்பையை அந்த அம்மாளிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. தன் பையைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினார். உள்ளே அதே கோப்பை.

"கல்யாணம் ஆனதுல இருந்து இங்கதான் வர்றேன். இன்னைக்கும் குடுத்தாங்க."

அடுத்த பாட்டு தொடங்கியது. எழுந்து நின்றோம். கடைசி வரி வந்தபோது நான் மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். எனக்காகக் காத்திருந்தார்கள்.