தயிரு நின்ற பதினோரு நிமிடம்

இதனால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பொதுமக்களுக்கும், நாய் வைத்திருப்போருக்கும், நாய் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருப்போருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: சென்ற தை மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொன்று பத்துக்கு, அகில இந்தியத் தரத்திலான மாபெரும் நாய்க் கண்காட்சி நடந்த விழுப்புரம் மைதானத்தில், உலகம் பதினோரு நிமிடம் நின்றது. நிற்க வேண்டிய நாய் நிற்கவில்லை என்பது மட்டும்தான் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறது.

அந்த நாய்க்குச் சங்கம் வைத்த பெயர் எம்பரர் அகஸ்டஸ் ஆஃப் திண்டிவனம். வளர்த்த வடிவு அதைத் தயிரு என்று கூப்பிட்டாள். ராஜபாளையம் சாதி, உறைந்த தயிர் மாதிரி வெளுப்பு. உடையவர் தென்னரசு, திண்டிவனத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். நாய் வளர்ப்போர் சங்கத்தின் நிறுவனர், தலைவர், பொருளாளர் மூன்றும் அவரே. லெட்டர்பேடில் அவர் பெயருக்கு முன்னால் நான்கு பட்டங்கள் இருந்தன. அவற்றில் இரண்டை அவரே விழா எடுத்துத் தனக்கு வழங்கிக்கொண்டார். ஆனால் வீடு முழுக்கக் கண்ணாடி மாதிரி டைல்ஸ் பதித்திருந்ததால் அங்கே வளரும் குட்டிகளுக்குக் கால் வழுக்கி வழுக்கி அகன்றுபோனது. மண்தரையில் வளர்ந்தால்தான் கால் நேராகும் என்று யாரோ சொல்ல, இரண்டு மாதக் குட்டியைக் காரில் போட்டுக்கொண்டு பிரம்மதேசத்துக்கு வந்து வடிவிடம் வாரத்துக்கு விட்டார். மாட்டுக்கன்றை வாரத்துக்கு விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கன்று ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர், ஈன்றால் பங்கு. வடிவு அப்படி ஏழு கிடேரிகளை வளர்த்துக் கொடுத்தவள். ஒரு கயிறுகூடக் குறைந்ததில்லை. நாயை வாரத்துக்கு விட்டது அந்த ஊரில் அதுதான் முதல்முறை. டீக்கடை வாசலில் ஐந்து பேர் கேட்கத் தென்னரசு சொன்னார்: “கண்காட்சில நின்னா எனுக்கு. அதுக்குப் பொறக்கற மொத குட்டிங்கள்ல ஒண்ணு ஒனக்கு. நிக்கலைன்னா நீயே வச்சிக்க. நிக்காத நாயி என் வூட்டு வாசப்படி ஏறக்கூடாது.”

நிற்பது என்றால் சும்மா நிற்பதல்ல. முன்னங்கால் இரண்டும் தூண் மாதிரி, பின்னங்கால் இரண்டும் ஒரு சாண் தள்ளி, கழுத்து நிமிர்ந்து, வால் அசையாமல். முன்பின் தெரியாதவர் வந்து உதட்டைத் தூக்கிப் பல்லை எண்ணுவார், வயிற்றைத் தடவுவார். நாய் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருப்பதுபோல இருக்க வேண்டும். மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு கேட்பதில்லை. வடிவு தண்ணீர்த்தொட்டியின் சிமெண்டு மூடிமேல் குட்டியை ஏற்றி, வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒன்றை மூக்குக்கு நேரே பிடித்து, “நில்லு” என்றாள். அடுப்பில் பொங்கிய கஞ்சி விளிம்போடு நின்றது. கோழி ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. கோயில் மணியோசை பாதி வழியில் நின்றது. பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் அரசப்பன், தீக்குச்சியும் தீயுமாக நின்றான். தயிரு மல்லாட்டையைப் பிடுங்கித் தின்றுவிட்டு, குதித்திறங்கி, அரசப்பனின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. வடிவு, “போதும்” என்றாள். எல்லாம் நடந்தது. கஞ்சி பொங்கி வழிந்தது.

குரல் எட்டுகிற தூரம் வரைக்கும் இப்படி என்பதை எட்டாத தூரத்திலிருந்து பார்த்த பக்கத்து நிலத்துச் சின்னபொண்ணுதான் ஊருக்குச் சொன்னாள். ஊர் இரண்டு நாள் வியந்தது. மூன்றாம் நாள் பயன்படுத்த ஆரம்பித்தது. களத்தில் மல்லாட்டை காயும்போது மழை இறங்கினால், “யக்கா, ஜல்தி ஒரு வாட்டி சொல்லு” என்று ஓடி வருவார்கள். வடிவு சொல்வாள். மழை கோத்த மணி மாதிரி அந்தரத்தில் தொங்கும். உதவி கேட்டு வந்தவர்களும் வாய் திறந்தபடி நின்றுவிடுவதால், ஊர் மல்லாட்டை மொத்தத்தையும் வாரிக் கட்டுவது வடிவின் வேலையாயிற்று. மாதம் ஒருமுறை தென்னரசு குட்டியைப் பார்வையிட வருவார். “நான் போன வருஷம் பெங்களூர்ல பேசனப்போ” என்று அவர் ஆரம்பிக்கையில் வடிவு குட்டியைப் பார்த்து, “நில்லு” என்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாணம் அள்ளி, இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “போதும்” என்பாள். “கைதட்டல் நிக்கவே இல்லம்மா” என்று அவர் முடிப்பார். நின்றவர்களுக்கு நின்றது தெரியாது. நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். திண்டிவனத்தில் யாரிடமும் கிடைக்காத நிம்மதி பிரம்மதேசத்துக் காற்றில் கிடைக்கிறது என்று தென்னரசு சங்கக் கூட்டத்தில் பேசினார்.

மார்கழியில் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது வடிவுக்கு ஒரு சங்கதி தெரிந்தது. அவள் ‘நில்லு’ என்று வாயைத் திறக்கவில்லை. குட்டி தானாக வந்து பக்கத்தில் நின்றது. கால் நான்கும் கட்டம் போட்ட மாதிரி, கழுத்து நிமிர்ந்து, வால் அசையாமல். சின்னபொண்ணு உதட்டைத் தூக்கிப் பல்லை எண்ணினாள். அது வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. “யக்கா, நிக்கிதே!” என்றாள் சின்னபொண்ணு. “கத்தாத” என்றாள் வடிவு. சொன்னால் நிற்காது, சொல்லாவிட்டால் நிற்கும். நின்றால் போய்விடும். அன்றைக்கும் அவள் காலில் தலை வைத்துத்தான் அது தூங்கியது.

“வாய மூடிக்கினு இருந்தா கப்பு நிச்சயம், நாயி போறதும் நிச்சயம்” என்றான் அரசப்பன்.

“அப்போ இன்னாதான்யா பண்றது?”

“வாயத் தெற. அது இன்னா ஒனக்குப் புதுசா?”

“வாரத்துக்கு வாங்கன உசுர அமுக்கிக்கினான்னு பேர் வாங்கிக்கினு இந்த ஊர்ல நான் தலை நிமுந்து நடக்கறதா? ஏழு கிடேரி குட்த்தவ நான்” என்றாள் வடிவு. கண்காட்சியில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்தல், பேனர், பதினாறு ஒலிபெருக்கி. பேனரில் தென்னரசு ஆள் உயரத்துக்குச் சிரித்தார்; ஓரத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு நாய். கோட்டுப் போட்ட நடுவர் சகாயராஜ் வெளியூர்க்காரர். வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டு தயிருவைக் கயிறு கட்டிய வளையத்துக்குள் நடத்திவந்தாள். அது அவள் பக்கத்தில் கால்களை ஒவ்வொன்றாக வைத்து நிற்கத் தொடங்கியது. நடுவர் பல்லைப் பார்க்கக் குனிந்தார். இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் கோப்பை தென்னரசுக்குத்தான். ஆனால் தன் நாய் அறிவிப்பு எதுவும் இல்லாமல் ஜெயிப்பதை அவரால் தாங்க முடியவில்லை. மைக்கோடு வளையத்துக்குள் பாய்ந்தார்.

“நடுவர் அவர்களே, கமாண்ட் குட்த்தா எப்பிடி நிக்கிதுன்னு இப்போ பாருங்க! சொல்லும்மா!”

“வேணாம் சார். சும்மாவே நிக்கிது.”

“சும்மா நிக்கறதுக்கு நாயி எதுக்கும்மா, நான் நிக்க மாட்டனா? ஊரே கேக்கணும், சொல்லு!” என்று மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

நாயின் உடையவரே சொல்கிறார். வடிவு மூன்று முறை யோசித்துவிட்டு, “நில்லு” என்றாள்.

பதினாறு ஒலிபெருக்கிக்கும் எட்டிய தூரம் அத்தனையும் நின்றது. நெடுஞ்சாலையில் லாரிகள் நின்றன. டீ ஆற்றியவனின் இரண்டு குவளைக்கும் நடுவே டீ கயிறாக நின்றது. வளையத்துக்கு வெளியே ஒரு டாபர்மேன் கொட்டாவியின் நடுவில் நின்றது. தயிரு மூன்று சுற்று ஓடியது, மேடை ஏறியது, தலைவருக்குப் போட வைத்திருந்த பொன்னாடையைக் கிழித்தது, இறங்கி வந்து தென்னரசின் ஷூவின்மேல் காலைத் தூக்கியது. வடிவு அதட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். ஓய்ந்துபோய் மைதானத்து மண்ணில் உட்கார்ந்தாள். அவள் வாய் மூடியதும் தயிரு வந்து பக்கத்தில் நின்றது. முன்னங்கால் தூண் மாதிரி, பின்னங்கால் ஒரு சாண் தள்ளி, வால் அசையாமல். விழுப்புரத்தில் அதற்கு முன்னும் பின்னும் எந்த நாயும் அப்படி நின்றதில்லை. குனிந்த நடுவரின் கண் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வடிவு ஆசை தீரப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. பதினோரு நிமிடம் என்பது மைதானத்திலிருந்தவர்களின் கைக்கடிகாரங்கள் ஊர்க் கடிகாரங்களைவிட அவ்வளவு பின்தங்கியிருந்ததால் பிற்பாடு தெரிந்தது. பிறகு மனசே இல்லாமல், “போதும்” என்றாள். தயிரு வாலை ஆட்டிக்கொண்டு வளையத்தை விட்டு ஓடியது.

நடுவர், ‘நிற்கவில்லை’ என்று எழுதினார். தென்னரசு நனைந்த ஷூவைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார். “இது ராஜபாளையமே இல்ல, பேஜாரு புடிச்ச நாயி! நீயே இட்டுக்கினு போ!” என்றார்.

“நெஜமாவா சார்? அப்பறம் பேச்சு மாறக் கூடாது.”

“போம்மா!”

வெளியே ஓடிய தயிருவைப் பிடித்து வைத்திருந்த அரசப்பனோடு வடிவு கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்தார்கள். தயிருக்கு இரண்டு பன். திண்டிவனம் பஸ் கிளம்பிவிட்டதைப் பார்த்து வடிவு, “நில்லு” என்றாள். அரசப்பனும் நின்றுவிட்டதால் அவனையும் மல்லாட்டை மூட்டை மாதிரி தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, “போதும்” என்றாள். கண்டக்டர் வந்து நாய்க்கும் டிக்கெட் கிழித்தார்.

அடுத்த வாரம் சங்கத்திலிருந்து இரண்டாம் பரிசுக் கோப்பை வடிவின் வீட்டுக்கு வந்தது. போட்டியில் கலந்துகொண்ட நாய்கள் மொத்தம் இரண்டு.