பச்சைச் சாயம்

வைக்கோல் உருவத்தின் கை சட்டைக்குள் போக மறுத்தது. வைத்திலிங்கம் அதை நெரித்து, மடக்கி, எப்படியோ உள்ளே தள்ளினார். சின்ன வயதில் மகன் சிதம்பரநாதனும் சட்டை போட இப்படித்தான் அடம்பிடிப்பான்.

கிளிஞ்சல்மேட்டில் உடல் கிடைக்காத சாவும், உடலுக்குப் பதில் வைக்கோல் உருவத்தை எரிப்பதும் புதிதல்ல. ஆனால் அப்படிச் செத்தவர்களெல்லாம் கடலில் போனவர்கள். இவன் கர்னூல் பக்கம், சுண்ணாம்புப் பாறைக் காட்டில், தரை உள்வாங்கிய பள்ளம் ஒன்றில் இறங்கி, அடியில் ஓடிய தண்ணீரோடு போய்விட்டான். கடல் வேண்டாம் என்று பிடிவாதமாகப் படிக்க வைத்தவர் வைத்திலிங்கம்தான். செய்தி வந்ததிலிருந்து மனைவி அஞ்சுகம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த அநியாயத்தை அவர் யாரிடம் போய்ச் சொல்வது?

"பொழுது சாயறதுக்குள்ள கொளுத்திடணும்ண்ணே," என்றார் தம்பி தர்மலிங்கம்.

"உடம்பு வரட்டும்டா. கடலே திருப்பிக் குடுக்குது. அந்தத் தண்ணி குடுக்காதா?"

வாசலில் ஜெகபர் சாதிக் நின்றிருந்தார். மகனோடு நிலத்தடி நீர் ஆய்வில் வேலை பார்த்தவர், செய்தி கொண்டுவந்தவரும் அவர்தான். அவரை உள்ளே கூப்பிட்டு வரைபடத்தை விரிக்கச் சொன்னார் வைத்திலிங்கம். தாள் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றும் சிதம்பரநாதன் வெயிலில் நடந்து, அளந்து குறித்த பள்ளம். ஜெகபர் ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இதுலதாங்கய்யா இறங்கினாரு."

"சரி தம்பி. இந்தத் தண்ணி எங்க வெளிய வருது, அதக் காட்டுங்க. நான் போயி நிக்கிறேன்."

"தெரியலைங்க. அதக் கண்டுபிடிக்கத்தான் போனாரு. பள்ளத்துத் தண்ணியில பச்சைச் சாயம் விட்டா, எந்த ஊத்துல பச்சையா வருதுன்னு பாத்துக் குறிச்சிடலாம். சாயத்த ஊத்திட்டு நிமிர்றப்ப கரை சரிஞ்சிடுச்சு."

"வந்துச்சா, பச்சையா?"

"எல்லா ஊத்துலயும் ஆள் நிறுத்திப் பாத்தோம். எங்கயும் வரலைங்க."

வைத்திலிங்கத்துக்குப் போய் நிற்க ஓர் இடம்கூட இல்லை.

"கடைசியில அந்தத் தண்ணி எங்கதான் போவும்?"

"எங்க சுத்துனாலும் கடலுக்குத்தாங்கய்யா."

அவர் உருவத்தின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். "தூக்குங்கடா," என்றார்.

கொளுத்தி முடித்துக் குளித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள். அவர் மட்டும் இடுப்பளவு அலையில் நின்றார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, மிச்சமிருந்த வெளிச்சத்தில் பார்த்தார். கலங்கல்தான். கொட்டிவிட்டு, மறுபடி அள்ளினார்.