மோட்டார் நின்ற ஒன்பது நாள்

வாரத்துக்கு மூன்று நாள் ஓடையில் இறங்கி நீர்மட்டம் பார்ப்பது அவள் வேலை. பாலத்துத் தூணில் பதித்த அளவுகோலைப் படித்து, நோட்டில் குறித்து, அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பதினோரு வருஷமாக ஏறி இறங்கியதில் முழங்கால் போய்விட்டது. அந்தக் கோடையில் ஓடையும் அவளைப் போலவே இளைத்துக்கொண்டு வந்தது.

திடீரென்று நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. ஒன்பது நாளில் இரண்டு விரல் அளவு. வானத்திலோ பொட்டு மேகமில்லை. தப்பாகப் படித்துவிட்டோமோ என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பத்தாம் நாள் மறுபடி இறங்கியது.

அன்று மாலை அண்ணி போனில் அலுத்துக்கொண்டாள். "ஒம்போது நாளா போர் மோட்டார் புகைஞ்சு கிடந்துச்சு. ஆஸ்பத்திரித் துணி மலையா குவிஞ்சுபோச்சு. நேத்துதான் சரியாச்சு."

அவள் நோட்டை எடுத்துத் தேதிகளைப் பார்த்தாள். அதே ஒன்பது நாள்.

ஓடைக்கு மேலே மேட்டில் இருந்தது அண்ணனின் சலவைக்கூடம். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தது அந்த இடம்தான். மறுநாள் போனபோது, நீராவிக்கு நடுவில் அண்ணன் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். நோட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"ஓடைத் தண்ணி மழையில வருது. நான் நூறடிக்குக் கீழேர்ந்து எடுக்கறேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத."

"மழை நின்னு நாலு மாசமாச்சு அண்ணா. அப்ப இன்னைக்கு ஓடுற தண்ணி எங்கேர்ந்து வருது? போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் பெஞ்சதெல்லாம் இந்த மேட்டு மண்ணுக்குள்ள இறங்கிக் கிடக்கு. அது கசிஞ்சு கசிஞ்சுதான் ஓடைக்கு வருது. வர்ற வழியிலயே நீ இழுத்துடற."

அவன் இரண்டு விரிப்பு மடித்தான். "எழுதப்போறியா?"

"எழுதணும்."

"படிக்க வச்சதுக்கு நல்லாத்தான் படிச்சிருக்க" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மூன்று நாள் அறிக்கையை மேஜையிலேயே வைத்திருந்தாள். நாலாம் நாள் அனுப்பினாள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இனி அரை நாள்தான் மோட்டார் ஓடலாம் என்று உத்தரவு வந்தது. சலவைக்கூடத்தில் வேலை செய்த எட்டுப் பெண்களில் இரண்டு பேருக்கு வேலை போனது. அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

ஆறு வாரம் கழித்து ஒரு காலையில், அவள் கீழே தூணருகில் நின்றிருந்தபோது, அவன் வேன் பாலத்தில் வந்து நின்றது. இறங்கி எட்டிப் பார்த்தான்.

"இவ்வளவுதான் ஏறிச்சா?"

"இவ்வளவுதான். ஆனா இறங்கல."

"ரெண்டு பேரை அனுப்பினதுக்கு இது போதுமா?"

"தெரியல அண்ணா. கீழ ஆடு மாடு குடிக்குது. மீன் இருக்கு."

அவன் தலையாட்டினான், ஒத்துக்கொண்டவன் மாதிரியும் இல்லை, மறுத்தவன் மாதிரியும் இல்லை. "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டான். "அப்படியேதான்" என்றாள். டெலிவரிக்கு நேரமாகிவிட்டது என்று வேனில் ஏறிக்கொண்டான். அவள் அன்றைய அளவைக் குறித்துவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக மேலே வந்தாள்.