அக்கா ஓட்டிய புள்ளிக்கோடு

ஆறு குழந்தைகளை ஒரே அறையில் ஒரே நேரத்தில் தூங்க வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒன்றைத் தட்டி முடிப்பதற்குள் இன்னொன்று கண்ணைத் திறந்து சிரிக்கும். பதினோரு வருஷமாக எனக்கு அதுதான் பிழைப்பு. வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை என் வீட்டில் விட்டுவிட்டு, மாலையில் வந்து தூக்கிப் போவார்கள். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை தூக்கம். அது ஒழுங்காக நடந்தால்தான் மீதி நாள் ஓடும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் என் கூரைக்கு மேலே விமானங்கள் இறங்க ஆரம்பித்தன. எங்கேயோ உயரத்தில் போகிற விமானம் இல்லை. சக்கரம் கண்ணுக்குத் தெரியும். நாலு நிமிஷத்துக்கு ஒன்று. அலமாரியில் பால் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், ஒரு குழந்தை வீறிடும், மற்றவையும் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும். உருண்டை என்று நாங்கள் கூப்பிடும் பெண் குழந்தை மட்டும் அழமாட்டாள். காதைப் பொத்திக்கொண்டு, நான்தான் அதை வரவழைத்தேன் என்பது போல என்னையே முறைப்பாள்.

ஆறு பேர் மூன்று பேரானார்கள். "பகல்ல தூங்காத பிள்ளையை வச்சுக்கிட்டு சாயங்காலம் நான் படற பாடு உங்களுக்குத் தெரியாதுக்கா" என்று ஒரு அம்மா சொல்லிவிட்டுப் போனாள். மீதி மூன்று பேரும் மாதக் கடைசி வரை பார்க்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு என் வீட்டுக் கதவை யாரும் தட்டப்போவதில்லை.

புகார் எழுதுவது எனக்குத் தண்ணிபட்ட பாடு. இரண்டு வருஷம் அக்காவுக்காக அதைத்தானே செய்தேன்! அப்போதெல்லாம் விமானங்கள் அவள் வீட்டுக்கு மேலேதான் போகும். பஸ்ஸில் இருபது நிமிஷம் தள்ளி அவள் வீடு. வீட்டிலேயே தையல் வேலை. சத்தத்தில் கை உதறி, தையல் கோணிப் போய், ஒரே துணியை மூன்று தடவை பிரித்துத் தைப்பாள். தலைவலி என்று அழுவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. லீவு நாளெல்லாம் அவள் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு விமானத்துக்கும் நேரம் குறித்தேன். புகார்க் கடிதங்கள் எல்லாம் நான் எழுதினவை. 'பகலில் தூங்கும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்' என்ற வரிகூட என்னுடையதுதான்.

கடைசிக் கடிதத்துக்கு மட்டும் கையெழுத்து வாங்க அவளே வந்தாள். "வெளி ஏரியா ஆள் ஒருத்தர் போட்டா எடுபடும்னு எங்க ஏரியா சங்கத்துல சொன்னாங்க. உன் அட்ரஸையும் எழுதிடு" என்றாள். கையில் கடைசிப் பக்கம் மட்டும் இருந்தது. என் தோளில் ஒரு குழந்தை. ஒரு கையால் அதைத் தட்டிக்கொண்டே மறு கையால் போட்டுக் கொடுத்தேன். அக்கா நீட்டியதை நான் எப்போது படித்துப் பார்த்திருக்கிறேன்?

அவள் பக்கம் சத்தம் நின்றது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த வாரமே என் பக்கம் ஆரம்பித்தது. என் போறாத காலம் என்று நினைத்துக்கொண்டேன். இப்படியும் ஒரு அசடு உண்டா!

நேற்று மூன்று பிள்ளைகளையும் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, புகார் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்த குமாஸ்தா ஒரு தடித்த பைலைப் புரட்டினார்.

"உங்க புகாரை எடுத்துக்க முடியாதும்மா. நீங்கதான் சம்மதம் குடுத்திருக்கீங்களே."

"எதுக்கு?"

"புதுப் பாதைக்கு. அதுக்குக் கீழே குடியிருக்கறவங்க கருத்தும் வேணும்னு கேட்டிருந்தோம். உங்க ஒருத்தரோடதுதான் வந்துச்சு."

பைலைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து, என் வீட்டு எண். அதற்கு முந்தின பக்கம் ஒரு வரைபடம். நீலப் புள்ளிகளால் ஒரு கோடு வளைந்து வந்து, நேராக என் தெருவின் மேல் ஏறிப் போனது. சீரான புள்ளிகள். ஆனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை ஒரு புள்ளி மட்டும் விட்டுப்போயிருந்தது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். தையல்காரர்கள் துணிக்கு அடியில் நீலக் கார்பன் வைத்து, பல் வைத்த சின்னச் சக்கரத்தை ஓட்டி அளவுக் கோடு போடுவார்கள். அக்காவின் சக்கரம் எங்கள் அம்மாவுடையது. அதில் ஒரு பல் கிடையாது. எட்டு வயசில் சிமெண்ட் தரையில் உருட்டி விளையாடி நான்தான் உடைத்தேன். அம்மா பிரம்பை எடுத்தபோது, "நான்தான்மா உடைச்சேன்" என்று அக்கா முன்னால் போய் நின்றாள். அன்றிலிருந்து எனக்கு அவள்தான் உலகம்.

என் முகத்தைப் பார்த்துக் குமாஸ்தாவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஒரு வழி இருக்கும்மா. நீங்க மேப்பைப் பாக்காமதான் போட்டீங்கன்னு, கையெழுத்து வாங்கினவங்க எழுதிக் குடுத்தா மறுபடி விசாரிப்பாங்க" என்றார்.

அங்கேயே இரண்டு வரி எழுதி, நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரே அமைதி. சுவர்க் கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் தோள் தளர்ந்தது. அதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அக்கா ஒரு சட்டைத் துணியில் அதே சக்கரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கீழே வைத்தாள்.

"கோடு போட்டது நீதானே?"

மழுப்பவில்லை. "சங்கத்துல மேப் மூணு காப்பி வேணும்னாங்க. கார்பன் வச்சு ஓட்டினேன்."

"என் தலை மேலயா?"

"வேற ரெண்டு பாதை இருந்துச்சு. ஒண்ணு ஆஸ்பத்திரி மேல போகுது. இன்னொண்ணு சங்கத் தலைவர் புதுசா கட்டற வீட்டு மேல."

"அப்ப நான் உனக்கு யாருக்கா?"

"நீ சண்டைக்கு வரமாட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.

"கேட்டிருந்தா சரின்னே சொல்லித் தொலைச்சிருப்பேன். அப்படிப்பட்ட பைத்தியம்தானே நான்! ஏமாத்தி ஏன் வாங்கினே?"

கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். "இதுல கையெழுத்து போடு. மாசக் கடைசிக்குள்ள குடுக்கலேன்னா என் பொழப்பு போச்சு."

"போட்டா திரும்ப இங்க வந்துருமேடி."

"வந்தா மறுபடி எழுதுவோம். நானே எழுதறேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து."

அக்கா அந்தச் சக்கரத்தை எடுத்து விரலால் சுற்றினாள். "இது ஒடஞ்ச அன்னிக்கு முதுகு தடிச்சு மூணு நாள் என்னால மல்லாக்கப் படுக்க முடியலை. உன்னைக் காட்டிக் குடுத்தேனா? நான் ஒரு தடவை உனக்காக வாங்கிக்கிட்டேன். நீ எனக்காக இதை வாங்கிக்கக் கூடாதா?"

அந்த அடிக்காகத்தான் முப்பது வருஷமாக அவளைக் கொண்டாடியிருக்கிறேன். இப்படித் திருப்பிக் கேட்பாள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"படிச்சுப் பாரு" என்றேன்.

அவள் கடிதத்தை எடுத்துப் படித்தாள். இரண்டே வரி. வரிக்கு அடியில் விரலை ஓட்டி ஒரு தடவை படித்தாள், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பேனாவைத் திறந்தாள். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

பேனாவை மூடி வைத்தாள். மூடி 'டக்'கென்று பொருந்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் வீடாக இருந்தால் கேட்டிருக்காது.