இடுப்பு பிடித்த பேன்ட்

நாள் முழுக்கக் கடையில் மிஷின் மிதித்துவிட்டு வந்த தையல்காரிக்கு வீட்டிலும் ஊசி காத்திருந்தது.

"இந்த பேன்ட் மறுபடியும் லூசாயிடுச்சும்மா. இடுப்பக் கொஞ்சம் புடிச்சுக் குடேன்," என்றாள் மகள்.

"துணி சரியில்லடி. கண்டதையும் வாங்குனா தொளதொளன்னுதான் ஆகும்." போன தடவையும் அவள் துணியைத்தான் திட்டினாள்.

டேப்பைச் சுற்றும்போது மகளின் விரல்கள் பட்டன. ஐஸாக இருந்தன. இந்தப் புழுக்கத்திலும் ஸ்வெட்டர். தையல்காரி அதன் கையை மேலே தள்ளினாள். குச்சியான கை நெடுக, பச்சைக்குழந்தைக்கு இருப்பது போலப் பூனைமுடி. விரல் முட்டியில், தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுத்தது போல, பல் பதிந்து காய்ந்த தழும்பு.

"சாப்டியா?"

"ஃப்ரெண்டு வீட்ல சாப்டேம்மா."

தினமும் இதே பதில்தான். மேற்கொண்டு கேட்க அவளுக்குத் தெம்பு இருந்ததில்லை.

பார்ப்பவர்கள் எல்லாம் பெண்ணின் உடுப்பு கச்சிதமாக இருப்பதாக மெச்சுவார்கள். இவளும் பூரித்துப்போவாள். மகள் கரைவது யார் கண்ணிலும் படாதபடி ஒவ்வொரு முறையும் இவள்தான் பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறாள்.

ஊசியைக் கீழே வைத்தாள்.

"இடுப்பப் புடிக்கலையாம்மா? நாளைக்குப் போடணும்."

"நாளைக்கு நான் கடைக்குப் போகல. ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறோம்," என்றாள் தையல்காரி. "இதையே போட்டுக்க. லூசாவே இருக்கட்டும். அவராவது பாக்கட்டும்."